400 சி.சி.யைக் குறைக்கலாமா, டாக்டரம்மா?

போன இதழில் மார்பு இம்ப்ளான்ட் (மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கிற சிலிக்கான் பை, அதன் அளவு சி.சி., அதாவது மில்லி லிட்டரில்) பற்றி ஒரு வாசகிக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்கு, வைத்ததைச் சின்னதாக்கலாமா என்று கேட்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இதைச் செய்கிற கிளினிக்குகள் உள்ள பெங்களூர் ஒன்றரை, இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லைதான். ஒரு பிளாஸ்டிக் சர்ஜனாக என் அறையில் கதவைச் சாத்திய பிறகு மட்டும் கேட்கப்படும் கேள்விகள் இவை, அதனால் இந்த முறை பகுதி முழுக்க இதற்கே. பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

என் வயது 37, கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தபோது, 28 வயதில், சிலிக்கான் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பக்கமும் 400 சி.சி. அப்போது 50 கிலோ இருந்தேன், இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு இப்போது 63. கழுத்தும் தோளும் வலிக்கின்றன, பிரா பட்டை பதிந்து தோளில் பள்ளமே விழுந்துவிட்டது. ஜாக்கெட் தைக்கிற அக்கா அளவெடுக்கும்போது ஒரு பார்வை பார்க்கிறார். கணவருக்குத் தெரியும், மாமியார் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. 250 சி.சி.க்கு மாற்றலாம் என்றிருக்கிறேன். மாற்றினால் தொங்கிவிடுமா? முதல் தடவை மாதிரியே வலிக்குமா? இல்லை, இப்படியே விட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி

முதலில் ஒன்று. உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள், அந்த வரிகளை நானே வெட்டிவிட்டேன். 28 வயதில் வேண்டும் என்று தோன்றியது, வைத்துக்கொண்டீர்கள், 37-இல் வேண்டாம் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். உடம்பும் வாழ்க்கையும் மாறின பிறகு அளவு மட்டும் அப்படியே பிடித்திருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த 9 வருஷத்தில் உங்கள் இம்ப்ளான்ட் ஒரு சி.சி. கூட வளரவில்லை. வளர்ந்தது உங்கள் சொந்த மார்பு. 13 கிலோ ஏறியிருக்கிறீர்கள், இரண்டு முறை பால் கொடுத்திருப்பீர்கள், அதில் ஒரு பங்கு கொழுப்பு மார்பில்தான் போய் உட்கார்ந்திருக்கும். சிலிக்கான் ஜெல் ஏறக்குறைய ஒரு சி.சி.க்கு ஒரு கிராம் எடை, அதாவது இரண்டு பக்கமும் சேர்த்து இப்போது சுமார் 800 கிராம் சுமக்கிறீர்கள். 250-க்கு மாற்றினால் 500 ஆகும். 300 கிராம் குறைவது நல்லதுதான், ஆனால் அதனாலேயே கழுத்துவலி முழுக்கப் போய்விடும் என்று யாராவது சத்தியம் பண்ணிச் சொன்னால் நம்பாதீர்கள். மிச்ச எடை உங்களுடையது, அது அப்படியே இருக்கும். கழுத்து எலும்பில் தனியாக ஏதும் பிரச்சினை இருக்கிறதா என்று ஒரு எலும்பு டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். நாள் முழுக்கக் குனிந்து போன் பார்க்கிற காலத்தில் எல்லாப் பழியையும் மார்பின் மேலேயே போட முடியாது.

அதனால் ஆபரேஷனுக்கு முன் எடை. 50 கிலோவுக்கே திரும்புங்கள் என்று சொல்லமாட்டேன், அது பேராசை. உங்களால் தாக்குப்பிடிக்க முடிகிற ஒரு எடைக்கு வந்து, ஆறு மாதமாவது அதிலேயே நில்லுங்கள். ஆபரேஷன் முடிந்து எடை குறைந்தால் தோல் மறுபடி தளரும், ஏறினால் மறுபடி பெரிதாகும், செலவு செய்த பணம் இரண்டு வழியிலும் வீண்.

அடுத்தது அந்த 250. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. யாரோ ஒரு தோழிக்கு 250 வைத்திருப்பார்கள், அல்லது போனில் ஏதாவது படம் பார்த்திருப்பீர்கள். ஒரே 250 சி.சி. அகலமாகத் தட்டையாகவும் வரும், குறுகலாகத் தூக்கலாகவும் வரும். நாங்கள் முதலில் அளப்பது உங்கள் மார்பின் அடிப்பகுதி எத்தனை சென்டிமீட்டர் அகலம் என்பதை, அப்புறம் தோலைக் கிள்ளிப் பார்த்து எத்தனை தடிமன் என்பதை. பெரிய இம்ப்ளான்ட் வருஷக்கணக்கில் உள்ளேயிருந்து அழுத்தியதில் சிலருக்குத் திசு மெலிந்திருக்கும், சின்னதாக மாற்றும்போது ஓரத்தில் சுருக்கம் தெரியும். எத்தனை சி.சி. என்பது கடைசியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். முதலில் கேட்க வேண்டியது, இப்போது இருப்பதை வெளியே எடுத்தால் என்ன மிஞ்சும் என்பது.

அங்கேதான் தொங்குமா என்ற உங்கள் கேள்வி வருகிறது. பெரிய தலையணைக்குத் தைத்த உறையில் சின்னத் தலையணையைப் போட்டால் என்ன ஆகும்? அதேதான். 9 வருஷம் 400-க்கு விரிந்த தோல், 250-க்கு ஓரளவு சுருங்கும், முழுக்கச் சுருங்காது. இளம் வயது, நல்ல தோல், குறைக்கும் அளவும் கொஞ்சம் என்றால் சில மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். உங்களுக்கு வயது 37, இரண்டு குழந்தை, எடை ஏற்ற இறக்கம் எல்லாம் இருப்பதால் தோலைத் தூக்கிக் கட்டும் லிஃப்ட் ஆபரேஷனும் சேர்ந்தே தேவைப்பட வாய்ப்பு அதிகம். கண்ணாடி முன் நேராக நின்று பாருங்கள். மார்பு நெஞ்சோடு சேர்கிற அடி மடிப்பு இருக்கிறதல்லவா, முலைக்காம்பு அதற்கு மேலே இருந்தால் லிஃப்ட் இல்லாமல் தப்பிக்கலாம், மடிப்பின் அளவிலோ கீழேயோ இருந்தால் கஷ்டம்.

லிஃப்ட் என்றால் தழும்பு. இதை மறைத்துப் பேசுகிற டாக்டரிடம் போகாதீர்கள். முதல் ஆபரேஷனில் மடிப்புக்குள் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்திருக்கும். லிஃப்டில் காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு, சிலருக்கு மடிப்பு முழுக்க இன்னொரு கோடு. நம் ஊர்த் தோலில் தழும்பு தடித்துப் போவது கொஞ்சம் அதிகம், காது குத்தின இடம், தோளில் காசநோய்த் தடுப்பூசி போட்ட இடமெல்லாம் உங்களுக்கு எப்படி ஆறியிருக்கிறது என்று பாருங்கள், அதையே டாக்டரிடமும் காட்டுங்கள். சிலிக்கான் ஷீட், ஜெல் எல்லாம் போட்டு ஒரு வருஷத்தில் மங்கும், மறையாது.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாற்றுவதுதானே, பழையதை எடுத்துப் புதியதை வைத்துத் தைத்துவிடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். எந்த இம்ப்ளான்ட் வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஓர் உறையைத் தானே கட்டிக்கொள்ளும். கேப்ஸ்யூல் என்போம். 400 இருந்த இடத்தில் 250-ஐ வைத்தால் அது உள்ளே நகரும், அக்குள் பக்கம் சரியும், கீழே இறங்கும். அதனால் அந்த உறையை உள்பக்கமாகத் தைத்துச் சின்னதாக்க வேண்டும், சில நேரம் அந்த இடத்தையே விட்டுவிட்டுத் தசைக்கு அடியில் புதிதாக இடம் செய்ய வேண்டும். முதல் ஆபரேஷனைவிட இதில் சர்ஜனுக்கு வேலை அதிகம். மறுபடி கத்தி வைக்க வேண்டி வருவதும் முதல் தடவையைவிட இந்த மாதிரித் திருத்த ஆபரேஷன்களுக்குப் பிறகுதான் அதிகம். காம்பில் உணர்ச்சி குறைவது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமையாதது, கிருமித் தொற்று, இரத்தம் கட்டுவது, எல்லாம் சாத்தியம்.

உறையை முழுசாக, உடைக்காமல், இம்ப்ளான்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு அலை அடிக்கிறது. உறை மெல்லிசாக, மிருதுவாக இருந்தால் அதை முழுக்க எடுக்க வேண்டியதில்லை. கல்லு மாதிரி இறுகியிருந்தாலோ, இம்ப்ளான்ட் உள்ளே கிழிந்திருந்தாலோ எடுப்போம். புற்றுநோய் சந்தேகம் இருந்தால்தான் முழுசாக, உடைக்காமல் எடுப்பது கட்டாயம். விலா எலும்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற உறையைப் பிடிவாதமாக உரித்தால் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு கிழியக்கூட வாய்ப்பிருக்கிறது.

புற்றுநோய் என்றதும் பயந்துவிடாதீர்கள், ஆனால் ஒரு விஷயத்தைச் சரிபார்த்தே ஆக வேண்டும். உங்கள் இம்ப்ளான்டின் மேற்பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா? சொரசொரப்பான சில இம்ப்ளான்ட்களைச் சுற்றி, பல வருஷம் கழித்து, அரிதாக ஒரு வகை லிம்ஃபோமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) வருவது கண்டுபிடிக்கப்பட்டு, 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. நீங்கள் வைத்துக்கொண்டது அதற்கு முன்பு. அந்த வகையாகவே இருந்தாலும், தொந்தரவு ஏதும் இல்லையென்றால் பயந்துகொண்டு ஓடி வந்து எடுக்க வேண்டியதில்லை என்றுதான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அப்போதே சொன்னது. ஆனால் எப்படியும் மாற்றப்போகிற உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் வீங்கினால், கட்டி தட்டுப்பட்டால், தள்ளிப்போடாமல் அல்ட்ராசவுண்ட் எடுத்து, உள்ளே நீர் இருந்தால் அதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

எந்தக் கம்பெனி, எந்த வகை என்று எப்படித் தெரியும்? ஆபரேஷன் முடிந்ததும் ஒரு சின்ன அட்டையோ ஸ்டிக்கரோ கொடுத்திருப்பார்கள், அதில் சீரியல் எண்ணோடு எல்லாம் இருக்கும். பீரோவில் பழைய பட்டா, பத்திரம் வைத்திருக்கிற பையில் எல்லாம் தேடுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று கிழித்துப் போட்டிருந்தால் அந்த ஆஸ்பத்திரியிலேயே கேட்க வேண்டியதுதான். 2002-ஆம் வருஷத்து மருத்துவ கவுன்சில் விதிப்படி உள்நோயாளியின் ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். உங்களுக்கு 9 வருஷம் ஆகிவிட்டது, கிடைத்தால் அதிர்ஷ்டம். இருந்தாலும் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், பெரிய ஆஸ்பத்திரிகள் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும். கிடைக்கவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்து, கிழிசல் இருக்கிறதா, தசைக்கு மேலா கீழா என்பதையாவது தெரிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சின்னதாக மாற்றுவதற்குப் பதில், எதுவுமே வைக்காமல் எடுத்துவிடுவது. 63 கிலோவில் உங்கள் சொந்த மார்பே உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம், அதை ஒரு லிஃப்டோடு சரிசெய்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஸ்கேன், இன்னொரு மாற்று ஆபரேஷன் என்ற கவலையே இல்லை. 250 வைத்தாலும் அதற்கும் ஓர் ஆயுள் உண்டு, 47 வயதிலோ 52 வயதிலோ மறுபடி இதே கடிதம் எழுத வேண்டி வரலாம். மேல்பக்கம் கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்தால் வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை எடுத்து ஊசியால் நிரப்புகிறார்கள், அதில் ஒரு பகுதி கரைந்துபோகும், மற்றது நிற்கும். உங்களைச் சோதித்துப் பார்க்காமல் இதுதான் சரி என்று நான் சொல்ல முடியாது, ஆனால் போகிற டாக்டரிடம் 250 வையுங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள், ஒன்றும் வைக்காவிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டு ஆரம்பியுங்கள். அவர் முகம் சுளித்தால் அடுத்த டாக்டரைப் பாருங்கள். முதல் ஆபரேஷனுக்கு முன் எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், அது ரொம்ப உதவும்.

வலி? பெரும்பாலும் முதல் தடவை அளவுக்கு இருக்காது. அப்போது இல்லாத இடத்தில் இடம் உண்டாக்கித் தசையையும் தோலையும் இழுத்தார்கள், இப்போது இடம் ஏற்கெனவே இருக்கிறது. முழு மயக்கத்தில்தான் செய்வார்கள், லிஃப்டும் சேர்ந்தால் மூன்று மணி நேரம் வரை ஆகும், ஓரிரு நாள் நீர் வடிகிற குழாய் இருக்கலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். ஸ்கூட்டி மூன்று வாரம் வேண்டாம், குடம், சிலிண்டர், சின்னப் பிள்ளை, எதையும் ஆறு வாரம் தூக்கக்கூடாது. மாமியார் வீட்டில் தெரியாமல் இதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் உங்கள் நிஜமான சிக்கல் என்று நினைக்கிறேன். மார்பில் ஒரு கட்டி மாதிரி இருந்தது, எடுத்தார்கள் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் ஊரே புற்றுநோய் என்று வந்து விசாரிக்கும், அதற்குப் பதில் தோள்வலிக்காக ஓர் ஆபரேஷன், கனம் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதில் பொய்யும் அதிகமில்லை.

இப்படியே விட்டுவிடலாமா என்றால், எம்.ஆர்.ஐ. நன்றாக இருந்தால் தாராளமாக விடலாம். அவசரம் எதுவும் இல்லை. எடையைப் பார்த்துக்கொண்டு, நல்ல தாங்கும் பிராவும் மாற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த மாங்காய் சீசனுக்குள் முடிவு செய்தால் கூடப் போதும்.

என் மனைவி இம்ப்ளான்டைச் சின்னதாக்க வேண்டும் என்கிறாள். எனக்கு இப்போது இருப்பதே பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் என் கையெழுத்து கேட்பார்களே, போடலாமா வேண்டாமா?
— ஒரு கணவர், பாலக்கோடு

தம்பி, வயது வந்த பெண்ணின் ஆபரேஷனுக்குச் சட்டப்படி வேண்டியது அவருடைய சம்மதம். கூட வருகிறவரிடம் ஆஸ்பத்திரிகள் கையெழுத்து வாங்குவது வழக்கம், அது உங்கள் அனுமதிக்காக அல்ல. நீங்கள் போடாவிட்டால் அவர் அக்காவோ தோழியோ போட்டுவிடுவார்கள். கழுத்து வலிப்பது அவருக்கு, பிடித்திருப்பது உங்களுக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு வாரம் தண்ணீர்க் குடத்தையும் நீங்களே தூக்கிவிடுங்கள்.

எனக்கு 325 சி.சி. இருக்கிறது, வயது 31, ஓசூரில் தொழிற்சாலை வேலை, ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே. குறைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் இரண்டாவது குழந்தையும் வேண்டும். எதை முதலில்? பாலில் சிலிக்கான் கலக்குமா?
— ஓசூர்

குழந்தை முதலில், வலி தாங்கவே முடியாத அளவு இல்லையென்றால். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் மார்பு விரிந்து சுருங்கும், இப்போது பார்த்துப் பார்த்துச் செய்த லிஃப்ட் அதில் கெட்டுப்போகும். காம்பைச் சுற்றி வெட்டுகிற லிஃப்ட் என்றால் பால் குழாய்களும் கொஞ்சம் பாதிக்கப்படலாம். பால் நிறுத்தின பிறகு ஆறு மாதம் விடுங்கள், மார்பு எந்த அளவில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு அளப்பதுதான் அளவு. சிலருக்கு அந்தச் சமயத்தில் குறைக்கவே வேண்டாம், எடுத்துவிட்டாலே போதும் என்றாகிவிடும்.

பால் பற்றி: இம்ப்ளான்ட் வைத்த அம்மாக்களின் பாலில் சிலிக்கான் அளவு மற்ற அம்மாக்களின் பாலில் இருப்பதைவிட அதிகமில்லை என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கடையில் விற்கிற பசும்பாலிலும் பால் பவுடரிலும்தான் அதைவிட அதிகமாக இருந்தது. தாராளமாகக் கொடுங்கள்.

எனக்கு 45 வயது. 12 வருஷமாக இம்ப்ளான்ட் இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை, ஸ்கேன் ஒன்றுகூட எடுத்ததில்லை. 10 வருஷத்தில் கட்டாயம் மாற்ற வேண்டும், அப்படியே சின்னதாக்கிக்கொள் என்று தங்கை சொல்கிறாள்.
— பென்னாகரம்

10 வருஷக் கெடு என்று ஒன்று கிடையாது. ஆயுள் முழுக்க வரும் பொருளும் இல்லை. எஃப்.டி.ஏ. 2011-இல் சொன்னபடி, அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் 5 பேரில் ஒருவருக்கு 10 வருஷத்துக்குள் எடுக்க வேண்டி வந்தது. அப்படியென்றால் மற்ற 4 பேருக்குத் தேவைப்படவில்லை. சிலிக்கான் இம்ப்ளான்ட் உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம் என்பதால் 5, 6 வருஷத்தில் ஒருமுறை, அப்புறம் 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொல்கிறார்கள். 12 வருஷத்தில் நீங்கள் ஒன்றுகூட எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை இந்த மாதம் எடுங்கள். உங்கள் வயதுக்கு மேமோகிராமும் உண்டு, எடுக்கிற டெக்னீஷியனிடம் இம்ப்ளான்ட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இம்ப்ளான்டைப் பின்னால் தள்ளி எடுக்க வேறு முறை இருக்கிறது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தால் படத்தில் பாதி மறைந்துபோகும். சின்னதாக்குவது உங்கள் ஆசையா, தங்கையின் ஆசையா என்பது கடிதத்தில் இல்லை.

எனக்கு எப்போதும் களைப்பு, மூட்டுவலி, தலைமுடி கொட்டுகிறது. இம்ப்ளான்டால்தான் என்று யூடியூபில் பார்த்தேன். அதனால் 350-ஐ 200 ஆகக் குறைக்கலாம் என்றிருக்கிறேன்.
— காவேரிப்பட்டணம்

காரணமும் முடிவும் ஒட்டவில்லையே அம்மா. இம்ப்ளான்ட் வைத்த பெண்கள் பலர் இப்படித் தொந்தரவுகளைச் சொல்கிறார்கள், எடுத்த பிறகு குறைந்தது என்றும் பலர் சொல்கிறார்கள், ஆனால் இதுதான் என்று உறுதிசெய்ய ஒரு டெஸ்ட் கிடையாது. சிலிக்கான்தான் காரணம் என்று நம்பினால் 200 சி.சி.யும் சிலிக்கான்தான், எடுப்பதானால் முழுக்க எடுக்க வேண்டும். அதற்கு முன் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி, சர்க்கரை, மூட்டு வாதத்துக்கான இரத்தப் பரிசோதனை எல்லாம் பாருங்கள். நம் பெண்களில் களைப்புக்கும் முடி கொட்டுவதற்கும் இரத்தசோகையும் தைராய்டும்தான் அடிக்கடி அகப்படும் காரணங்கள், இரண்டுக்கும் பெரும்பாலும் மாத்திரை போதும்.

இம்ப்ளான்ட் வைத்த மார்பு வெந்தயம் அரைத்துப் பூசினால் குறையுமா? சொந்தக்காரர் ஒருவர் எண்ணெய் கூடத் தருகிறார்.
— மொரப்பூர்

வெந்தயத்தை ஊறவைத்துக் களியோடு கீரைக் குழம்பில் போடுங்கள். உள்ளே இருக்கும் சிலிக்கானுக்கு எந்த எண்ணெயும் போய்ச் சேராது. அழுத்தி மசாஜ் செய்வது மட்டும் வேண்டாம்.

எனக்கு இம்ப்ளான்ட் எதுவும் இல்லை, இயற்கையாகவே மிகவும் பெரிது. வயது 22. காலேஜில் கிண்டல், முதுகுவலி, மார்புக்கு அடியில் வியர்த்துப் புண். இதற்கும் வழி இருக்கிறதா? எங்களிடம் பணம் இல்லை.
— அரூர்

இருக்கிறது. மார்பைக் குறைக்கும் ஆபரேஷன் என்று தனியாக உண்டு, நோயாளிகள் மிகவும் திருப்திப்படுகிற ஆபரேஷன்களில் இதுவும் ஒன்று. நீங்கள் சொல்கிற வலியும் புண்ணும் இருக்கும்போது இது வெறும் அழகு விஷயம் இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி. எந்த நாள் என்று கேட்டுக் காட்டுங்கள், புண் இருக்கும்போதே போனால் அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். எடை இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் அது நிற்கும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். பின்னாளில் பால் கொடுப்பது சிலருக்குக் குறையலாம், அதைக் கேட்டுக்கொண்டு சம்மதம் கொடுங்கள்.

பெங்களூரில் ஒரு கிளினிக் தழும்பே இல்லாமல், ஒரு மணி நேரத்தில் மாற்றித் தருகிறோம், அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று விளம்பரம் போட்டிருக்கிறது. சேலமா, பெங்களூரா, எங்கே போவது? காப்பீடு வருமா? திரும்பி பஸ்ஸில் வரலாமா?
— தர்மபுரி

தழும்பு இல்லாத ஆபரேஷன் உலகத்தில் கிடையாது, அந்த விளம்பரத்தை அங்கேயே மூடிவிடுங்கள். செய்யப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள். காஸ்மெட்டாலஜிஸ்ட் என்ற பலகை இதற்குப் போதாது. மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் கேட்டுச் சரிபாருங்கள், கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டர் வேண்டாம். புதிதாக வைப்பது மட்டுமல்ல, பழையதை எடுத்து மாற்றிய ஆபரேஷன்கள் எத்தனை செய்திருக்கிறார், அதன் படங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மயக்க மருந்து டாக்டர் யார், அந்தத் தியேட்டரில் ஏதாவது ஆனால் ஐ.சி.யூ. எங்கே என்றும் கேளுங்கள்.

காப்பீடு வராது. அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரி எல்லாப் பாலிசிகளிலும் விலக்கு, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைக்கும் ஆபரேஷனுக்கோ, உடல்நலத்துக்கு உடனடி ஆபத்தை நீக்க அவசியம் என்று டாக்டர் சான்று தரும் சிகிச்சைக்கோ மட்டும்தான் வழி. இம்ப்ளான்ட் கிழிந்ததால் எடுக்கிறோம் என்றால் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். எவ்வளவு ஆகும் என்று மொத்தமாகக் கேட்காமல், இம்ப்ளான்ட் ஜோடி விலை, தியேட்டர், மயக்க டாக்டர், அறை, லிஃப்ட் சேர்ந்தால் எவ்வளவு, ஒரு வருஷத்துக்குள் மறுபடி திருத்த வேண்டி வந்தால் யார் செலவு, இதெல்லாம் பிரித்து எழுதி வாங்குங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

சேலமா பெங்களூரா என்றால் கைராசியான டாக்டர் இருக்கிற இடம், அதோடு ராத்திரியில் நீங்கள் திரும்பிப் போக முடிகிற இடம். முதல் இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகி வலித்தால் உள்ளே இரத்தம் கட்டுகிறது, உடனே தியேட்டருக்குத் திரும்ப வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் நிற்பதோ, அத்திப்பள்ளியில் சிக்கிக்கொள்வதோ அப்போது வேண்டாம். அதனால் எந்த ஊரானாலும் முதல் இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்குங்கள், ஒருவர் கூட இருக்கட்டும். சிகரெட் பழக்கம் இருந்தால் நாலு வாரம் முன்பே நிறுத்துங்கள், ஆஸ்பிரின் போன்ற மாத்திரை ஏதும் சாப்பிட்டால் எழுதிக் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பஸ் வேண்டாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கி நிற்க முடியாது, பிரேக் போட்டால் முன் சீட்டில் மார்பு மோதும். கார் பிடித்து, முன்சீட்டைக் கொஞ்சம் சாய்த்து, சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் மெல்லிய துண்டை மடித்து வைத்துக்கொண்டு வாருங்கள், பெல்ட்டைக் கழற்றிவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நாலு அடி நடங்கள், காலில் இரத்தம் கட்டாமல் இருக்க. தையல் பார்க்க ஒரு வாரத்தில் மறுபடி போக வேண்டும், அந்தப் பயணத்துக்கும் சேர்த்து லீவு போட்டுவிடுங்கள்.